வேம்பு ஏறாத மலை

கொடைக்கானலில் இருந்து கிளாவரைக்குப் போகும் பேருந்தில் மூட்டை முடிச்சுகளுக்குக் குறைவிருக்காது. மேல்மலை ஊர்களுக்குத் தேவையானதெல்லாம் கீழே இருந்துதான் ஏறிப் போகிறது. அரிசிச் சிப்பம், கோழித்தீவனம், குழாய்ச் சுருள், வாழைத்தார் என்று ஏற்றிய பிறகு, கிடைத்த இடத்தில் காலை மடக்கி உட்கார வேண்டும். நான் போன அன்று அந்த வரிசையில் வேப்பம் புண்ணாக்குச் சாக்குகளும் இருந்தன. சூரிய ஆய்வகத்தைத் தாண்டி, பைன் காட்டுக் குளிர் சன்னல் வழியாக உள்ளே வந்த பிறகும், வண்டிக்குள் சமவெளிச் செக்கு வாசமே நிறைந்திருந்தது.

சாக்குகளின் சொந்தக்காரர் என் பக்கத்தில் இருந்தார். கவுஞ்சியில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற பெரியவர். தலையில் மஃப்ளர், மடியில் மருந்துக்கடைப் பை. "இது எதுக்குங்கய்யா, உரத்துக்கா?" என்றேன். "உரமும் ஆச்சு, பூச்சிக்கும் ஆச்சு. கீழ ஒங்க ஊர்ல வேம்பு தெருவுக்குத் தெரு நிக்கும். இங்க ஒத்த மரம் காட்டு பார்ப்போம் தம்பி" என்றார்.

அந்தப் பயணம் முழுக்க அந்தப் பேச்சுதான் என்னோடு வந்தது. இயற்கைப் பூச்சிவிரட்டி என்றதும் நம் மனதில் முதலில் வருவது வேம்பு. அந்த வேம்பு இந்த மலையில் வளராது. வெயிலில் காய்ந்து, வறட்சியில் நின்று பழகிய மரம் அது. கவுஞ்சி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் புல்லின் மேல் உறைபனி படியும். அங்கே வேப்பங்கன்று தாங்காது. அப்படியென்றால் மருந்தடிக்காமல் வெள்ளாமை செய்ய நினைக்கிற ஒரு மேல்மலை விவசாயி எதைக் கையில் எடுப்பார்? அதைப் பார்க்கத்தான் போனேன்.

பூம்பாறை வளைவில் வண்டி திரும்பும்போது எதிர்ச் சரிவு முழுக்கப் படிப்படியாக வயல்கள். பூண்டு இளம்பச்சை, கேரட் கரும்பச்சை, அப்போதுதான் கொத்திப்போட்ட செம்மண். குழந்தை வேலப்பர் கோயில் ஊருக்கு நடுவே தெரிகிறது. அதற்கப்புறம் மன்னவனூர். ஏரியும், 1960-களில் இருந்து இயங்கும் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் மேய்ச்சல் புல்வெளியும் அங்கேதான். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் அத்தோடு திரும்பிவிடுகின்றன. கவுஞ்சி அதற்கும் அப்பால். அதையும் தாண்டினால் பூண்டி, கிளாவரை, பிறகு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து வட்டவடை.

ஊரில் இறங்கியதும் புண்ணாக்குச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலுக்கே போனார் பெரியவர். உருளைக்கிழங்கு நட உழுது வைத்திருந்த படி அது. மண்ணை ஒரு பிடி அள்ளி, "இதுக்குள்ளதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

அவர் சொன்னது முட்டைக்கூட்டு நூற்புழு. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் உருளைக்கிழங்கோடு பிறந்த புழு. 1961-ல் நீலகிரியில் கண்டுபிடித்தார்கள். பிறகு பழனி மலையிலும் அது இருப்பது தெரிந்தது. பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டே செத்து, தன் உடம்பையே கெட்டியான ஓடாக்கி, அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காப்பாற்றி வைக்கும். உருளைக்கிழங்கு வேரில் இருந்து கசியும் சாறு மண்ணில் பட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் விழிக்கும். அதுவரை வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். இந்தப் புழு பரவிவிடக் கூடாது என்பதால்தான் இந்த மலைகளின் விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகத் தடை இருக்கிறது. ஒரு காலத்தில் விதைக்கிழங்குக்குப் பேர்போன மலைகளுக்கு அது பெரிய அடி. புழுவைத் தாங்கும் 'குஃப்ரி ஸ்வர்ணா' ரகம் 1985-ல் வந்தது. அதோடு பயிரை மாற்றி மாற்றிப் போடுவதும், கடுகு விதைத்துப் பச்சையாக மடக்கி உழுவதும், வேப்பம் புண்ணாக்கு இடுவதும் சேர்ந்தால் புழு அடங்குகிறது. அடியோடு ஒழிவதில்லை. குருணை மருந்தும் அதை அடியோடு ஒழித்ததில்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

அடுத்த படியில் முட்டைக்கோஸ். அங்கே நின்றுகொண்டிருந்தவர் பெரியவரின் மருமகள். ஒரு இலையைப் புரட்டிக் காட்டினார். இலையின் பச்சையை மட்டும் அரித்துத் தின்று, மேல்தோலைக் கண்ணாடிச் சன்னலாக விட்டுவைத்திருந்தது புழு. விரல் நுனியால் தொட்டதும் உடம்பை முறுக்கித் துள்ளி, ஒரு நூலை விட்டுக்கொண்டு கீழே தொங்கியது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. தாய்ப்பூச்சி சிறகை மடித்து உட்காரும்போது முதுகில் வைர வடிவக் கோடு தெரியும் என்பதால் அந்தப் பெயர்.

இந்தப் பூச்சிக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. டி.டி.டி. மருந்தின் பூச்சிகொல்லும் சக்தி 1939-ல் தெரியவந்தது. 1948-ல் அதற்காக பால் முல்லருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். 1953-ல் ஜாவா தீவின் மலைத் தோட்டங்களில் இந்த வைரமுதுகுப் பூச்சி டி.டி.டி.க்குச் சாகவில்லை என்று பதிவானது. பயிரைத் தின்னும் பூச்சிகளில் அந்த மருந்தை முதலில் வென்றது இதுதான். அதற்குப் பிறகு வந்த மருந்துகளிலும் பெரும்பாலானவற்றை எங்காவது ஓரிடத்தில் அது வென்றிருக்கிறது. கவுஞ்சியிலும் அதே கதைதான். "போன வருசம் கேட்ட மருந்து இந்த வருசம் கேக்கலண்ணே. கடையில வேற டப்பா குடுக்குறாங்க. அது இன்னும் வெல கூட" என்றார் அந்தப் பெண். டப்பாவின் மேல் முக்கோணம் என்ன நிறம் என்று கேட்டேன். மஞ்சள் என்றார். சிவப்புக்கு அடுத்த கடுமை அது. வீட்டுக்காரர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தெளிப்பாராம். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காதாம். சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் மனது கேட்கவில்லை.

அதனால்தான் இந்தப் போகத்தில் ஒரு படியை மட்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறார். கடை மருந்து இல்லாமல் முயன்று பார்க்கிறார். பயிற்சி ஒன்றில் கொடுத்த தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் ஐந்திலைக் கரைசல் செய்முறை அச்சாகியிருந்தது: வேம்பு, நொச்சி, ஆடாதோடை, எருக்கு, ஊமத்தை. ஆடு மாடு வாய் வைக்காத இலை, ஒடித்தால் பால் வடிகிற இலை, கசக்கிற இலை என்று தேர்ந்தெடுத்து, மாட்டுக் கோமியத்தில் ஊறப்போடும் முறை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பரப்பியவற்றில் ஒன்று. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு வெளியேறி, 2013 டிசம்பரில் மறையும்வரை அவர் பேசியதன் சாரமே, உழவன் தன் இடுபொருளைத் தன் வேலியோரத்தில் தேட வேண்டும் என்பதுதான். நல்ல முறைதான். ஆனால் அந்தத் தாளில் உள்ள செடிகள் சமவெளி வேலியோரத்தில் நிற்பவை. கவுஞ்சி வேலியோரத்தில் நிற்பவை வேறு.

கீழே இருந்து வருகிற எல்லாத் திட்டத்துக்கும் இந்தக் குறை இருப்பதைப் பார்க்கிறேன். ரசாயன மருந்து எல்லா ஊருக்கும் ஒரே டப்பா. தாவர மருந்தையும் அப்படி ஒரே தாளாக்கி எல்லா ஊருக்கும் கொடுத்தால், அதன் பலமே போய்விடுகிறது. செடியால் செய்யும் பூச்சிவிரட்டி அந்தந்த மண்ணோடு சேர்ந்த அறிவு. மலை ஏறினால் அது மாறித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பெண் அதைத் தானாகவே மாற்றியிருந்தார். "எங்ககிட்ட என்ன இருக்கு, பூண்டுதான இருக்கு!" என்று வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் தூக்கலானது, நாள்பட இருக்கும். அறுத்ததைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் பரணில் தொங்கவிட்டு, கீழே புகை மூட்டுகிறார்கள். புகை படிந்த பூண்டை மாதக்கணக்கில் வைத்து விற்கலாம். பருத்த பூண்டெல்லாம் பெரியகுளத்துப் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. பொடிப்பூண்டு விலைபோகாது. பூச்சிவிரட்டிக்கு அவர் எடுப்பது அதைத்தான்.

தோலோடு உரலில் போட்டு நசுக்கினார். பச்சை மிளகாயும் இஞ்சியும் அடுத்து. அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, கண் எரிந்தது. அவர் முந்தானையை மூக்கோடு இழுத்துக் கட்டிக்கொண்டு இடித்தார். நசுக்கியதைத் தண்ணீரில் போட்டு மூடி ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவாராம்.

"கொதிக்க வெச்சா சீக்கிரம் சாறு எறங்காதா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ அப்படித்தான் செஞ்சோம். நாத்தமே வரல. நாத்தம் இல்லாத பூண்டுக்குப் பூச்சி எதுக்குப் பயப்படும்?"

அவர் அனுபவத்தில் கண்டதற்கு வேதியியலில் காரணம் இருக்கிறது. முழுப் பூண்டுப் பல்லுக்குள் அல்லியின் என்ற பொருள் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கும்போது அறைகள் உடைந்து இரண்டும் சேர்ந்து, நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. காரமும் வாடையும் பூச்சியை விரட்டும் குணமும் அதிலும், அது சிதைந்து வரும் கந்தகப் பொருள்களிலும்தான் இருக்கின்றன. முழுப்பல்லை அப்படியே கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும்; அல்லிசின் பிறக்காது.

வடித்த நீரோடு காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தார். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பாதி வெற்றி இதில்தான். முட்டைக்கோஸ் இலையிலும் பூண்டுத் தாளிலும் மெழுகுப் பூச்சு உண்டு. சோப்பு இல்லாத கரைசலை அவர் கையால் தெளித்துக் காட்டியபோது, துளிகள் பாதரசமாக உருண்டு மண்ணில் விழுந்தன. சோப்பு கலந்ததும் அதே இலையில் நீர் மெல்லிய படலமாகப் பரவி நின்றது. மலையில் பனிமூட்டமும் திடீர் மழையும் சேர்ந்துகொள்வதால், ஒட்டாத மருந்து அடிப்பதும் அடிக்காததும் ஒன்றுதான்.

இருந்தாலும் பூண்டு, மிளகாய்க் கரைசல் விரட்ட மட்டுமே செய்யும். ஏற்கெனவே இலைக்குள் இருக்கும் புழுவை நிறுத்த அதற்கு அவ்வளவு வலு போதாது. அங்கேதான் வேம்பு வேண்டியிருக்கிறது. வேப்பங்கொட்டைக்குள் இருக்கும் அசாடிராக்டினை 1968-ல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பைச் சரியாகக் கண்டுபிடிக்கவே 1985 ஆனது. ஆய்வகத்தில் முழுமையாகச் செய்து முடிக்க 2007 வரை போனது. அவ்வளவு சிக்கலான பொருளை ஒரு மரம் ஒவ்வொரு கோடையிலும் கொட்டைக்குள் செய்து வைக்கிறது. அதைத் தின்ற புழு உடனே சாகாது. முதலில் தீனி பிடிக்காமல் போகும். பிறகு தோலுரிக்க வேண்டிய நேரத்தில் உரிக்க முடியாமல் அப்படியே நின்றுவிடும். இதைப் புரிந்துகொள்ளாததால்தான் பல பேர் கைவிடுகிறார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் புழு இலைமேல் உட்கார்ந்திருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று கடைக்கு ஓடுவார்கள். பார்க்க வேண்டியது புழு இருக்கிறதா என்பதை அல்ல, புதுக் கடிதடம் விழுகிறதா என்பதை. அன்று அந்தப் படியில் நாங்கள் மூவரும் குனிந்து அதைத்தான் தேடினோம். பெரியவர் நம்பாமல்தான் தேடினார். முன்னால் வேப்பங்கொட்டைச் சாறு அடித்த வரிசையில் புழு இருந்தது, ஆனால் சிறுத்து, மந்தமாக. குருத்து இலை ஓட்டையில்லாமல் விரிந்திருந்தது.

அளவு எளிது. நூறு லிட்டர் தெளிப்புக்கு ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. இடித்துப் பத்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடித்து, சோப்பு சேர்த்து, மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். சாயங்காலம் தெளிக்க வேண்டும், ஏனென்றால் வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். கொட்டை நிழலில் காய்ந்ததாக, மூன்று மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் இருப்பதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழசானால் சத்து இருக்காது. மலையில் இந்தக் கடைசிக் கணக்குதான் உதைக்கிறது. கீழே வியாபாரியிடம் எத்தனை நாள் கிடந்த கொட்டை என்று யாருக்குத் தெரியும்?

முட்டைக்கோஸ் ஓரமாகக் கடுகு பூத்திருந்தது. அது தாளிக்க விதைத்ததல்ல. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்த வழி அது: இருபத்தைந்து வரிசை முட்டைக்கோசுக்கு இரண்டு பக்கமும் கடுகு. ஒரு வரிசையை நடவுக்கு இரண்டு வாரம் முன்பே விதைத்துவிட வேண்டும். அந்துப்பூச்சி கடுகைத் தேடிப் போய் முட்டையிடும். மருந்து தேவைப்படுவது பெரும்பாலும் கடுகுக்குத்தான். செடியை மருந்தாக்காமல், செடியைக் காவலாக வைக்கும் முறை. எனக்கு இது கரைசல்களைவிடப் பிடித்திருந்தது.

ஊரைச் சுற்றி நடந்தபோது கவுஞ்சியின் சொந்த இலைகள் எவை என்று பார்த்துக்கொண்டே போனேன். சாலையோரத்தில் மலை ஊமத்தை, நீண்ட வெள்ளைப் பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு நிற்கிறது. ஈரச் சரிவெங்கும் மாடு தொடாத யூபடோரியக் களை. தைல மரக் காடு. இவற்றில் தைல இலைக்கு உடனே ஒரு வேலை இருக்கிறது. 1906-ல் இத்தாலியில் இருந்து வந்த விதைக்கிழங்கோடு இந்தியாவுக்குள் நுழைந்த கிழங்கு அந்துப்பூச்சி, சேமிப்பில் உள்ள உருளைக்கிழங்கைத் துளைத்து நாசமாக்கும். ஆண்டீஸ் மலை உழவர்கள் கிழங்குக் குவியலில் புதினா வாசமுள்ள முன்யா என்ற செடியைப் பரப்பி அதைத் தடுத்து வருகிறார்கள். தைல மர இலையும் உண்ணிச்செடி இலையும் அதே வேலையைச் செய்யும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசில்லாமல் காட்டோரத்தில் கிடைக்கிற இலை, தின்னப் போகும் கிழங்கில் தூள் மருந்து கலப்பதைவிட எத்தனையோ மேல்.

மலை ஊமத்தையைப் பற்றி மட்டும் அந்தப் பெண்ணிடம் எச்சரிக்கையாகச் சொன்னேன். ஐந்திலையில் ஊமத்தைக்குப் பதில் அதைப் போடலாமா என்று கேட்டார். அதன் சாறு விரலில் பட்டு அந்த விரலால் கண்ணைத் தேய்த்தாலே கண்மணி விரிந்து பார்வை மங்கும். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் ஆபத்து. வீட்டில் குழந்தைகள் இருக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். இலைச்சாறுதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. புகையிலையும் அப்படித்தான். திண்டுக்கல் சீமைக்கு அது புதிதல்ல, வேடசந்தூரில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. புகையிலைக் கஷாயம் அசுவினியை நன்றாகக் கொல்லும். ஆனால் அந்த நிகோடின் தோல் வழியாகவே ஆளுக்குள்ளும் இறங்கும். நிகோடின் சல்பேட்டை இந்தியாவில் பூச்சிமருந்தாகப் பயன்படுத்தத் தடை இருக்கிறது.

இதே குளிருக்கு ஏற்ற, இவற்றைவிடப் பாதுகாப்பான ஒரு பூ உண்டு. பைரெத்ரம். வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக, சிறு சாமந்தி போன்ற செடி. ஆட்ரியாடிக் கடலோரத்து டால்மேஷியாவில் பிறந்து, ஜப்பானுக்குப் போய்க் கொசுவத்தியாகி, கென்யாவின் மலைநாட்டில் பெரும் பயிரானது. இந்தியாவில் காஷ்மீரிலும் நீலகிரியிலும் இந்தப் பழனி மலையிலும் பயிரிட்டிருக்கிறார்கள். காய்ந்த பூவைப் பொடித்தால் அதில் உள்ள பைரெத்ரின் பூச்சியின் நரம்பைத் தாக்கி நொடியில் கீழே தள்ளும். வெயில் பட்டால் விரைவில் சிதைந்துவிடும். மீனுக்கும் தேனீக்கும் அது ஆகாது என்பதால், தேனீ கூடு திரும்பிய பிறகு, ஓடையில் படாமல் தெளிக்க வேண்டும். மலிவான டி.டி.டி. வந்ததும் இந்தப் பூவுக்கு மவுசு குறைந்தது. பிறகு 1970-களில், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் மைக்கேல் எலியட்டின் குழு, அதே பைரெத்ரினைப் பார்த்து, வெயிலிலும் எளிதில் சிதையாத செயற்கை வடிவத்தைச் செய்தது. நிகோடினைப் போலவே வேலை செய்யும் செயற்கை மருந்துகள் 1990-களில் வந்தன. தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் அவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. பெரியவர் மடியில் இருந்த பையிலும் அந்த இரண்டு வம்சத்து டப்பாக்கள் இருந்தன. செடி தன் வேலை முடிந்ததும் சிதைந்துபோகும்படி செய்ததை, மனிதன் சிதையாதபடி மாற்றினான். வம்பு அங்கேதான் தொடங்கியது.

சிதையாதது எங்கே போகும் என்று கவுஞ்சி விளிம்பில் நின்று பார்த்தால் புரியும். இந்தச் சரிவின் ஓடைகள் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, அமராவதி அணைக்குச் சேர்கின்றன. அங்கிருந்து திருப்பூர், கரூர் மாவட்டங்களின் நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்ந்து, கரூருக்குக் கீழே காவிரியில் கலக்கிறது அந்தத் தண்ணீர். மேல்மலையில் தெளிக்கிற மருந்து மேல்மலையோடு நிற்பதில்லை. சமவெளிக்காரர்களான நமக்கு இதில் கடமை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தண்ணீர் அங்கிருந்து இறங்கி வருகிறது, வேப்பங்கொட்டை நம்மிடம் கிடந்து வீணாகிறது.

பெரியவர் கடைசியில் கேட்டதும் அதைத்தான். "இவ மருந்தடிக்காம வெளைய வெச்சாலும் வடுகபட்டில அதே வெலதான் தம்பி. அத நான் மாத்த முடியாது. நல்ல கொட்ட கெடச்சாலாவது செலவு கொறையும்." ஊரில் ஏழெட்டு வீட்டுக்குச் சேர்த்து வாங்க ஆள் இருக்கிறார்களாம். இடிக்க உரல் இருக்கிறது. நல்ல கொட்டைதான் இல்லை.

ஆனி, ஆடியில் சமவெளியில் வேப்பம்பழம் உதிரும். வத்தலக்குண்டுப் பக்கம் பள்ளிக்கூட வளாகத்திலும் கண்மாய்க் கரையிலும் மிதிபட்டுக் கிடக்கும். அன்றாடம் பொறுக்கி, சதையைக் கழுவி நீக்கி, நிழலில் காயவைத்து, காற்றோட்டமான சணல் சாக்கில் கட்டினால் ஐப்பசிக்குள் மலைக்கு ஏற்றிவிடலாம். பிளாஸ்டிக் சாக்கு கூடாது, பூசணம் பிடிக்கும். மேல்மலையில் பனிக்காலத்துப் பூச்சிக்கு அது சரியான வயதில் இருக்கும். கொட்டை பொறுக்கும் பெண்கள் குழு ஒன்றை அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். கிலோவுக்கு என்ன கேட்பார்கள், பேருந்தில் சாக்குக்கு என்ன கூலி என்று அங்கேயே உட்கார்ந்து மூவரும் கணக்குப் போட்டோம். மருமகள் பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.